பேராக்கில் முள்ளங்கிக்கு மனுப் போட்டது

காலி நிலத்தில் பயிர் செய்ய விரும்புகிறவர், செய்யப்போகும் பயிர் இன்னதென்று தெளிவாகக் குறித்து எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். உத்தரவு கைக்கு வரும்வரை அந்த நிலத்தில் வெட்டவோ கொத்தவோ கூடாது. மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தரப்படும். மலாய் நாட்டுப் பேராக்கில் ஒரு நில அலுவலகத்தின் வாசற்பலகையில் இந்த விதியைத் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கே இருப்பவர்கள் இன்னும் சம்பளம் வாங்குகிறார்கள். நான் பென்ஷன் வாங்குகிறேன். வீண் வம்பு எதற்கு?

தஞ்சாவூர் ஜில்லாவில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிலருக்குப் பொடி போடும் பழக்கம் இருப்பதுபோல எனக்கு விதிகளை நம்பும் பழக்கம் உண்டு. ஆகவே அந்தப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் நம்பினேன்.

என்னைக் கடல் தாண்ட வைத்தவள் என் தங்கை. அவள் மகன் சிவசாமி, ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணி. நம் ஊரில் கணக்குப்பிள்ளை என்போம். ரப்பர் விலை தரைதட்டியதும் தோட்டத்தில் பாதியைக் கைவிட்டார்கள், கிராணிகளிலும் பாதியை. துரை தங்கமான மனிதராம். தீபாவளி வரை கிராணி வீட்டில் இருந்துகொள்ளலாம், பிறகு சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். தோட்டம் சர்க்காருக்குத் திருப்பிக் கொடுத்த நிலம் ஆற்றோரம் சும்மா கிடக்கிறது, அதில் ஒரு துண்டு கிடைத்தால் காய்கறி போட்டுப் பிழைப்பேன், கிடைக்காவிட்டால் கப்பல் ஏறவேண்டியதுதான் என்று சிவசாமி எழுதியிருந்தான்.

"நிலமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவனைக் கூட்டிக்கிட்டு வந்துடு அண்ணே. அவளையும்தான் கூட்டிக்கிட்டு வா, வேற என்ன செய்யிறது" என்றாள் தங்கை. 'அவள்' என்றது சிவசாமியின் மனைவி பார்வதியை. மலாய் நாட்டிலேயே பிறந்து வளர்ந்த கங்காணி மகள். தாலி கட்டிய பிறகுதான் பையன் அம்மாவுக்குக் கடிதம் போட்டான். கூடவே வந்த கல்யாணப் படத்தைத் தங்கை பெட்டியின் அடியில், பழைய புடவைகளுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

கப்பலில் வாந்தி எடுத்ததை எழுதாத பயணக்காரர் இல்லை. நான் எழுதப்போவதில்லை.

ஈப்போவில் முதல் சாப்பாடு, வட்டிக்கடைச் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்யும் ஒரு கிட்டங்கியில். நம் ஊரில் முள்ளங்கி வெந்தால் பக்கத்துத் தெருவுக்குத் தெரியும். இங்கே இலையில் விழுந்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கை அகலத்தில் வட்டம் வட்டமாக, கண்ணாடிபோல் சாம்பாரில் மிதந்தது. சுரைக்காய் என்று நினைத்துச் சாப்பிட்டு முடித்தேன்.

"சீனன் முள்ளங்கிங்க ஐயா" என்றார் சமையல்காரர். "வாசமே வராது. மொதலாளிமாரு வட்டி பேசுறப்ப ஏப்பம் வந்துறக் கூடாது பாருங்க, அதுக்கு இதுதான் தோது."

அங்கிருந்து கோப்பெங்குக்கு மோட்டார் பஸ். கூரைமேல் மூங்கில் கூடைக்குள் இரண்டு பன்றிகள். சைவன் தலைக்கு நேர் மேலே. பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பெண்மணி, தன் முள்ளங்கிக் கூடையை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். ஒரு மேட்டில் பஸ் நின்று, யோசித்து, பின்னால் உருளத் தொடங்கியது.

"பெரியவரே, எறங்குங்க. தள்ளணும்லா" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட்டில் தள்ளுவதும் சேர்ந்ததா?" என்று கேட்டேன்.

"தள்ளலேன்னா டிக்கெட்டு மட்டுந்தான் போய்ச் சேரும்."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினேன். அந்த அம்மாள் கடைசிவரை விழிக்கவில்லை. பன்றிகளும் இறங்கவில்லை.

கிராணி வீட்டு வாசலில் பார்வதி நின்றிருந்தாள். நான் அவள் மாமியாருக்கு அண்ணன். ஆகையால் அவளுக்குப் பெரியப்பா முறை. காலில் விழுந்து எழுந்தவள் என் கையில் தகரப்பெட்டி ஒன்றுதான் இருக்கிறது என்பதைக் கவனித்துவிட்டாள்.

"கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கீங்க, இல்ல பெரியப்பா?"

மனு எழுதிப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் ஊருக்குப் போவோம் என்றேன். அவளுக்கு 'ஊர்' என்ற சொல்லே பிடிக்கவில்லை. "அது உங்க ஊரு. எனக்கு இங்கதான். அத்தைக்கு என் மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியாது. தெரியாத வீட்டுல போயி எந்த மூலையில நிக்கிறது?"

சோறு போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "இங்க மனுவெல்லாம் இல்லலா. மொதல்ல நட்டுப்புடணும். பயிரு நிக்கிறதைப் பாத்துட்டுத்தான் பெங்ஹுலு லைசென்ஸ் சீட்டு எழுதுவாரு. வெறுந்தரையில என்னத்தைப் பாப்பாரு?" பெங்ஹுலு என்பவர் மலாய்க்காரர்களின் ஊர்த்தலைவர். நம் மணியக்காரர் மாதிரி. ஆனால் சைக்கிள் உண்டு.

"அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு" என்றேன்.

"இங்க அதுக்குப் பேரு கொல்லை" என்றாள்.

சிவசாமி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ரசத்தைப் பார்த்தான். மாமா என்றால் மாமாதான். விதிப்படியே போகலாம் என்று முடிவாயிற்று. உத்தரவு வரும்வரை யாரும் அந்த நிலத்தில் கால்கூட வைக்கக் கூடாது என்று நான் ஒரு படி மேலே போனேன்.

மறுநாளே மனுவை எழுதினேன். நிலத்தின் நான்கு எல்லை, மனுதாரர் தகப்பனார் பெயர், பயிர்: முள்ளங்கி. முள்ளங்கியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். சீக்கிரம் விளையும், எந்த வம்புக்கும் போகாத பயிர் என்று நினைத்தேன்.

நில அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, இரண்டு முறை படித்தார்.

"மனு நல்ல வடிவா இருக்குது. ஆனா ஒரு சிக்கல் பாருங்கோ. முள்ளங்கி எண்டு எழுதியிருக்கிறியள். எந்த முள்ளங்கி?"

"முள்ளங்கியில் எந்த முள்ளங்கி?"

"ஓமோம், அதைத்தான் நானும் கேக்கிறன். விதியில 'தெளிவாக' எண்டு கிடக்குது. ஒருத்தன் 'கிழங்கு' எண்டு எழுதி வாங்கிக்கொண்டு மரவள்ளி நட்டுப்போட்டான். மண்ணெல்லாம் சத்துக்கெட்டுப் போச்சுது. மேலிடத்தில பேச்சு வாங்கினது நான்."

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டதுதான் வாழ்க்கையில் முதல் தடவை.

வெளியே வந்ததும் சிவசாமி, "நம்ம ஊரு முள்ளங்கின்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டுப் போலாம் மாமா" என்றான். புத்திசாலித்தனமான யோசனை. நான் ஏற்கவில்லை. ஒரு வகையை எழுதினால் நாளைக்கு இன்னொரு வகை போட முடியாது. இந்த வட்டாரத்தில் உள்ள எல்லா முள்ளங்கியையும் அட்டவணையாக இணைத்து, வகைக்கு ஒரு பொட்டலம் விதையும் சான்றுக்காகத் தயாராக வைத்துக்கொள்வோம் என்றேன். சிவசாமி பெருமூச்சு விட்டான். இப்படித்தான் என் பேராக் சுற்றுப்பயணம் முள்ளங்கிகளின் பின்னால் போயிற்று.

முதலில் அடுத்த துண்டு நிலத்துச் சீனர் ஆ சோங். அவரிடம் உரிமம் கிடையாது. இரண்டாவது அறுவடை நடந்துகொண்டிருந்தது. சிவசாமி மலாயில் பேச, அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். அதற்கு இரண்டு கால்கள். கால்மேல் கால் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்த துரைபோல இருந்தது. ரப்பர் மரத்தை வெட்டினாலும் வேர் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. முள்ளங்கி அதில் முட்டிப் பிளந்துகொள்கிறது. அதற்காக ஈயச் சுரங்கத்து மணலை வண்டியில் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி கட்டியிருந்தார். அந்தப் பாத்தியில் விளைந்தவை ஒழுங்காக, கையளவு பருமனில், நேராக இருந்தன. ஒன்றை நறுக்கிக் கொடுத்தார். இளநீர்போல் இனித்தது. எரு என்ன என்று கேட்டேன். சிவசாமி மொழிபெயர்க்கத் தயங்கினான். ஆ சோங் தன் வயிற்றையும், பிறகு கொஞ்சம் கீழேயும், பிறகு பாத்தியையும் கைகாட்டினார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அன்று முழுதும் வாய் கொப்பளித்தேன்.

ஈப்போவில் ஒரு ஜப்பானியப் படக்காரர் இருந்தார். சிவசாமியின் கல்யாணப் படத்தை எடுத்தவர். எங்களை உட்காரவைத்துச் சோறும், ஓரத்தில் மஞ்சளாக இரண்டு துண்டும் வைத்தார். மாங்காய் ஊறுகாய் என்று வாயில் போட்டேன். தேங்காயை உடைத்த மாதிரி சத்தம் வந்தது. வாசனை, மழைக்காலத்தில் நெடுநாள் திறக்காத மரப்பெட்டியினுடையது. முள்ளங்கியை வாடவைத்து, தவிட்டிலும் உப்பிலும் புதைத்து, மேலே கல்லேற்றி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்களாம். எங்கள் தாலுகா கச்சேரியில் காகிதக் கட்டுகளை வைத்திருந்த முறையும் இதுதான். இரண்டாவது துண்டையும் சாப்பிட்டேன். பிறகு அவருடைய துண்டு ஒன்றையும்.

அவர் ஊரில் கோல்போல ஒல்லியாக, ஆளைவிட நீளமாக ஒரு வகை உண்டாம். பானைபோல உருண்டு, இரண்டு பேர் தூக்கவேண்டிய வகையும் உண்டாம். "கதை" என்று சிவசாமியிடம் தமிழில் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, முகம் தெரியும். உள்ளே போய் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். ஒரு கிழவர், பக்கத்தில் அவரைவிட அகலமாக ஒரு முள்ளங்கி. இருவரும் ஒரே கம்பீரத்துடன் படத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு, விதை கேட்டேன். நீள வகையின் விதை கொஞ்சம் கொடுத்தார்.

கடைத்தெருவில் வெளியிலும் உள்ளேயும் பச்சையாக ஒரு முள்ளங்கி கிடைத்தது. சீனாவிலிருந்து வருவது. சூப்புக்கு நல்லது, உடம்புச் சூட்டுக்கு நல்லது, ஆனால் மருந்து சாப்பிடுகிறவர்கள் தொடக்கூடாது, மருந்தை முறித்துவிடும் என்றார் கடைக்காரர். நம் வைத்தியர்களும் அவர்களும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது. நம் ஊர்ச் சின்ன முள்ளங்கிக்கு அதிகம் அலையவில்லை. தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களின் பின்பக்கம், மூக்கைப் பின்தொடர்ந்தே போய்ச் சேர்ந்தேன்.

கடைசியாகக் கோப்பெங் சாலையில் மாட்டுவண்டி வைத்திருந்த பஞ்சாபிக்காரர். எல்லோரும் அவரைச் சிங் என்றே கூப்பிட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் இடுப்புயரச் செடிகள்; அவற்றில் எலிவால்போல நீள நீளமாகக் காய்கள். அந்தக் காயைத்தான் பொரியல் செய்து ரொட்டியுடன் கொடுத்தார். காரம் நம் முள்ளங்கியேதான்.

"கிழங்கு எங்கே?" என்று கேட்கச் சொன்னேன்.

"இதுல கிழங்கு வெக்காதாம் மாமா. இருக்கிற வேரை மாடு திங்குமாம்."

"கிழங்கு இல்லாதது எப்படி முள்ளங்கி ஆகும்?"

சிங் தாடியைத் தடவிக்கொண்டு என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். சிவசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தான்: "ஐயாவுக்கு இப்ப உத்தியோகம் இல்ல, இருந்தாலும் எல்லாரும் உத்தியோகஸ்தர்னுதானே சொல்றாங்கன்னு கேக்குறாரு."

அட்டவணையில் கடைசி வரி இப்படி எழுதினேன்: முள்ளங்கி, கிழங்கில்லாதது.

அந்த வரியைக் கண்டதும் யாழ்ப்பாணத்துக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, இதுக்கு நான் அபிப்பிராயம் சொல்ல ஏலாது. தலைநகரத்தில ஒரு நிபுணர் இருக்கிறார். அவருக்கு அனுப்ப வேணும்." விதைப் பொட்டலங்களை மட்டும் திருப்பித் தந்தார், இணைப்பாக விதை வாங்க விதியில்லையாம். மனு புகைவண்டி ஏறியது. பொட்டலங்கள் என் தகரப்பெட்டிக்குத் திரும்பின.

ஒரு மாதம் முடிந்தது. நினைவூட்டல் ஒன்று எழுதினேன். பிறகு, நினைவூட்டலை நினைவூட்டி ஒன்று. நிலத்தை எட்டிப் பார்த்தால்கூட ஆசை வரும் என்று மாலை நடையை ஆற்றுப் பக்கத்திலிருந்து மேட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டேன். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தது. சிவசாமி கப்பல் விவரம் விசாரிக்கத் தொடங்கினான். பார்வதி பெட்டி கட்டவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சாப்பாட்டில் மட்டும் சில நாளாக இளங்கீரைக் கூட்டு ஒன்று வந்தது. லேசான காரத்தோடு அருமையாக இருந்தது.

"எங்கே வாங்கினாய்?" என்றேன்.

"பக்கத்துலதான் பெரியப்பா. இன்னும் கொஞ்சம் போடவா?"

போடச் சொன்னேன்.

தீபாவளி நெருங்கிய ஒரு காலை, பெங்ஹுலு சைக்கிளை வாசலில் சாய்த்தார். தலையில் வெல்வெட் தொப்பி, வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தார், கையில் பாதி கடித்த முள்ளங்கி. பார்வதி என்பவர் யார் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, எங்கள் மனு மேலிடத்தில் இருக்கிறது, இன்றுவரை நாங்கள் நிலத்தில் கால்கூட வைக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். சிவசாமி மொழிபெயர்க்காமல் தரையைப் பார்த்தான். பார்வதி படியிறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தாள். எல்லோரும் பின்னால் போனோம்.

என் அட்டவணை அங்கே மண்ணில் முளைத்திருந்தது. வகைக்கு ஒரு பாத்தி. நான் எழுதிய வரிசை மாறாமல். தகரப்பெட்டியில் பொட்டலங்கள் இருந்த வரிசையும் அதுதான். சீனன் முள்ளங்கி மணல்மேட்டில் வெள்ளைத் தோளைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜப்பான் முள்ளங்கி ரப்பர் வேரில் முட்டி மூன்று காலோடு நின்றது. நம் ஊர் முள்ளங்கி வாசனையாலேயே வருகையைப் பதிவு செய்தது. சிங்கின் செடி எலிவால்களைத் தொங்கவிட்டிருந்தது. நான் கூட்டாகச் சாப்பிட்ட கீரை எந்தப் பாத்தியில் நெருக்கம் கலைக்கப் பிடுங்கியது என்பதும் தெரிந்தது.

"என் பெட்டியைத் திறந்தாயா?" என்றேன்.

"தொறந்தேன்" என்றாள். "கடுதாசி எங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, அந்த ஆபீஸுக்கும் தெரியாது. தீபாவளி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். வீட்டை விட்டு எறங்குறப்ப நான் நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும் பெரியப்பா. திட்டுறதுன்னா திட்டிக்கோங்க. பிடுங்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

பெங்ஹுலு பாத்திகளைக் காலால் அளந்தார். மூன்றுகால் முள்ளங்கியைப் பார்த்துச் சிரித்தார். பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தவர், எழுதுவதற்கு முன் நிமிர்ந்து, கூட்டத்தில் மூத்தவன் என்பதால் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். சிவசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான்.

"இந்த நெலத்து மேல வேற யாரும் மனு, கினு போட்டிருக்காங்களான்னு கேக்குறாரு மாமா. இருந்தா எழுத முடியாதாம்."

முதலில் நான் சொன்னதை அவன் மொழிபெயர்க்காதது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் விளங்கியது. கேள்வி நியாயமானது. நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். பதிலும் எனக்குத் தெரியும். அதன் எண், தேதி, இணைப்புகள், இரண்டு நினைவூட்டல்கள் எல்லாம் மனப்பாடம். பார்வதி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பில் மண். தங்கையின் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கும் படத்தில் இவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நானும் அதைச் சரியாகப் பார்த்ததில்லை.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் அவகாசம் உண்டு என்பது அவர்கள் விதி. நானும் அதை எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

"பார்வதி, ஊர்த்தலைவர் முள்ளங்கியை வெறுமனே தின்கிறார். ஓடிப்போய் உப்பும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவா" என்றேன்.

சிவசாமி அதை மட்டும் மிகத் தெளிவாக மொழிபெயர்த்தான். பெங்ஹுலுவுக்கு மிளகாய்ப்பொடி பிடித்திருந்தது. பயிரிட்டவர் பெயர் என்று இருந்த இடத்தில், கையில் மண் இருந்தவள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தீபாவளிக்கு முதல் நாள் துரையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆற்றோரம் அத்தாப்பு ஓலை வேய்ந்து கட்டிய குடிசையில் பாலைக் காய்ச்சினார்கள். கீற்று ஆ சோங் கொடுத்தது. ஏற்றி வந்தது சிங்கின் வண்டி.

நான் தனியாகக் கப்பல் ஏறினேன். கும்பகோணத்தில் தங்கை என் பின்னால் வாசல்வரை எட்டிப் பார்த்தாள்.

"எங்கே அண்ணே?"

"வரவில்லை."

"அவதான் வரமாட்டேன்னுட்டாளாக்கும்."

ஆமாம் என்றேன். பார்வதி கொடுத்தனுப்பிய முள்ளங்கி வத்தலை எடுத்து நீட்டினேன். சீனர்கள்போல உப்பில் புரட்டி, நம் ஊர்போல வெயிலில் காயவைத்தது. தங்கை ஒரு பிடியை எண்ணெயில் போட்டாள். தெருவுக்கே தெரிந்தது.

"உப்பு ஜாஸ்தி" என்றாள். இன்னொன்று எடுத்துக்கொண்டாள். "கை தாராளம்போல இருக்கு." சாயங்காலம் அவள் அறையில் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

மனுவைத் தயாரித்தவன் என்ற முறையில் பதிலின் நகல் கடல் கடந்து எனக்கும் வந்தது. மனுவில் காலி நிலம் என்று குறித்திருப்பது விசாரணையில் காலி நிலமாகத் தெரியவில்லை. பார்வதி என்பவர் முறையான உரிமத்தின்பேரில் அங்கே முள்ளங்கி பயிரிட்டு வருகிறார். எனவே சிவசாமியின் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. கிழங்கில்லாத முள்ளங்கி பற்றிய நிபுணரின் அபிப்பிராயம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் தனியே தெரிவிக்கப்படும்.

இலக்கணம் பிசகாத நல்ல உத்தரவு. இரண்டு முறை படித்தேன். பிறகு, பழக்கதோஷம், உறையின் இடது மூலையில் கைக்கு வந்த நாளைக் குறித்துவைத்தேன்: தைப்பூசம், வியாழக்கிழமை.